ஜெயிச்சா அனுப்புறேன்

அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது, என் பள்ளிக்கூடத்து டீச்சர், தேயிலைத் தோட்டம் எங்களுக்குக் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவில் இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஏறி வந்திருந்தார். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. அம்மா சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். அப்படி வந்த ஒருத்தரிடம் முகத்துக்கு நேரே யாராவது இல்லை என்று சொல்வார்களா? எங்கள் ஆட்கள் சொல்லவே மாட்டார்கள்.

டீச்சர் வந்தது எனக்காக. பண்டாரவளையில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்பா தலையை ஆட்டினால் போதும்.

"பிள்ளைக்கு நல்ல மூளை இருக்கு. இஞ்ச வைச்சு வீணாக்காதேங்கோ" என்றார். டீச்சருக்கு யாழ்ப்பாணம்.

அப்பா தலையைச் சொறிந்தார். உள்ளே அம்மா இருமினாள். அந்த இருமல்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. அம்மாவுக்கு நெஞ்சு இளைப்பு. மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. தோட்டத்து வேலைப் பதிவில் அம்மாவின் பேரை வெட்டினால் அந்த இடத்துக்கு வீட்டிலிருந்து வேறொரு பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் காம்பிராவைத் திருப்பிக் கேட்பார்கள் என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் வேறு பேருக்கு எங்கே போவது? தம்பி சின்னப்பிள்ளை. எனக்குப் பதினைந்து வயது.

அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "சரிங்க டீச்சர். எல்லே போட்டின்னு என்னமோ சொன்னீங்களே, அதுல ஜெயிக்கட்டும். ஜெயிச்சா அனுப்புறேன்."

டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் தோட்டத்தில் 'பாப்போம்' என்றாலும், 'தீவாளி கழியட்டும்' என்றாலும் என்ன அர்த்தம் என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். முடியாது என்று அர்த்தம். அப்பா அன்றைக்குச் சொன்னதும் அந்தச் சாதிச் 'சரி'தான். வெளியூர்க்காரருக்கு அது எப்படிப் புரியும்? எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேண்டாத அர்த்தத்தை நான் ஏன் புரிந்துகொள்ள வேண்டும்? ஜெயித்தால் அனுப்புவார். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டேனே தவிர, ஜெயிப்பது எப்படி? எங்கள் பள்ளிக்கூடத்து எல்லே அணி அதுவரை யாரையும் ஜெயித்ததில்லை. ஊரே சிரிக்கிற அணி.

எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் கம்பால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு ஒரு பெரிய சுற்று ஓடி வர வேண்டும். வழியில் அங்கங்கே நின்றுகொள்ள இடம் உண்டு. ஓடும்போது எதிரணிக்காரி பந்தை எடுத்து நம்மீது எறிந்து, பட்டுவிட்டால் தொலைந்தோம். அடிப்பதற்கு மூன்று பந்து கிடைக்கும். அந்தப் பந்தைப் போடுவது எதிரணி இல்லை, நம் அணிக்காரிதான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அடிக்கத் தோதாகப் பார்த்துப் பார்த்துப் போடுவாள்.

எனக்குப் பந்து போட்டவள் பதுளைக் கடைவீதியில் பீங்கான் கடை வைத்திருந்தவரின் மகள். என் வகுப்பு. நான் வாயாடி, அவள் அழுமூஞ்சி. ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க மாட்டோம்.

அப்போது எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த புதிது. அவள் வாப்பா கடைக்கு ஜப்பான் கோப்பைகள் பெட்டி பெட்டியாக வந்தன. கோப்பை உடையாமலிருக்க இடையில் வைக்கோலும் பழைய தாளும் திணித்திருப்பார்கள். அப்படி ஒரு பெட்டியிலிருந்து தலையணை பருமனில் ஒரு புத்தகம் கிடைத்தது என்று அவள் ஒருநாள் பையில் ஒளித்துக்கொண்டு வந்தாள். உள்ளே முழுக்கப் படம். எழுத்தெல்லாம் கோழி கிண்டினது போல இருந்தது. மொட்டைத் தலையும் தொப்பியுமாகப் பள்ளிக்கூடத்துப் பையன்கள், கையில் கம்பு, ஒரு பந்து.

"இவனுகளும் எல்லேதான் வெளயாடுறானுகள் புள்ள" என்றாள்.

முதல் சண்டை, எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்பதில். நான் இடப்பக்கம் திறந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, ஓதும் கிதாபைத் திறப்பதுபோல வலப்பக்கம் திறந்தாள். என் பக்கமிருந்து பார்த்தால் அடிபட்டுக் கட்டுப் போட்டவன் போகப் போகக் குணமாகிச் சிரித்தான். அவள் பக்கமிருந்து பார்த்தால்தான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. "எங்கட ஆக்கள் மாதிரித்தான் ஈக்கி" என்று அவளுக்கு ஒரே பெருமை. நான் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

அடுத்த குழப்பம் பெரிது. பந்து போடுகிறவன் கண்ணில் நெருப்பு பறக்க, பல்லைக் கடித்துக்கொண்டு எறிகிறான். ஒரு பக்கம் முழுக்க அந்தப் பந்துதான் வருகிறது. அடிக்கிறவன் கம்பைச் சுழற்றித் தவறவிடுகிறான். பந்து போட்டவன் சிரிக்கிறான். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. சொந்த அணிக்காரனுக்கு எவனாவது இப்படிப் போடுவானா? பங்காளிச் சண்டையாக இருக்கும், காணித் தகராறு என்றேன் நான். அவள் வேறு கணக்குப் போட்டாள். ஒரு படத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை நின்றாள். இரண்டு பேருக்கும் அவள்மேல்தான் கண், அதுதான் இந்த வன்மம் என்றாள். இரண்டு பேருக்கும் சட்டை வேறு வேறாக இருந்ததைக் கேட்டேன். ஒருத்தன் வீட்டில் வசதி என்றாள். இப்படியே பாதிப் புத்தகம் போய்விட்டோம்.

ஒருநாள் டீச்சர் கையும் களவுமாகப் பிடித்தார். வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நாங்கள் எங்கள் கதையைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எடி விசரியள், இது பேஸ்போல். பந்து போடுறவன் மற்றப் பக்கத்துப் பெடியன். அடிக்க விடக்கூடாது எண்டுதான் போடுறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரி போடுகிற பந்தையே அடிக்கிறார்களா? ஊட்டிவிட்ட பந்தையே நாங்கள் ஒழுங்காக அடிப்பதில்லை. அதனால்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் சாய்ந்துகொண்டு அவளிடம் சொன்னேன்.

"இனிமே நீ எனக்கு எதிரி. அடிக்க முடியாத மாதிரி போடு."

"எனக்கேலா புள்ள. ஒனக்கு நோவும்."

"நோவட்டும்டி. கொழுந்துக் கூடை தூக்குனா நோகாதா?"

அவள் போட்டாள். முதலில் பயந்து பயந்து, பிறகு அந்தப் படத்து மொட்டையன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு. தலைக்கு வந்தது, முட்டிக்கு வந்தது, பின்பக்கமாகக்கூட வந்தது. கையெல்லாம் கன்றிப்போனது. ஒரு பந்து வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவள் ஓடி வந்து அழுதாள். "எதிரி அழுவாளாடி? போ, போய்ப் போடு" என்று துரத்தினேன். எனக்கும் அழுகைதான். நேரமில்லை என்ற பயம் என்னை நாய் துரத்துவதுபோலத் துரத்தியது. புத்தகத்துக்கும் நேரம் முடிந்துவிட்டது. கடையில் தாள் தட்டுப்பாடு வந்து, அவள் வாப்பா மிச்சப் பக்கங்களைக் கிழித்துக் கோப்பை சுற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மொட்டையன் ஜெயித்தானா தோற்றானா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் அம்மாவின் இருமல் கூடிக்கொண்டே போனது. கங்காணி மறுபடியும் வந்தார். வாசலில் நின்று அப்பாவோடு தணிந்த குரலில் பேசினார். நான் அடுப்படியில் இருந்தபடியே மாரியம்மாவிடம் கெஞ்சினேன். இந்த ஒரு ஆட்டம் தாயே, பிறகு உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். அம்மா சாகாமலிருக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டியவள் ஆட்டத்தைக் கேட்டேன். கேட்டேன்தான், என்ன இப்போது?

போட்டி ஒரு சனிக்கிழமை. பதுளை மைதானம். எதிரணி பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள், எல்லாரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். எங்களில் பாதிப் பேர் வெறுங்கால். முதலில் அவர்கள் அடித்தார்கள். இரண்டு சுற்று ஓடினார்கள். பிறகு நாங்கள். எப்படியோ முட்டி மோதி எங்களுக்கும் இரண்டு வந்தது. கடைசியில் நான் மட்டும் மிச்சம். ஒரு முழுச் சுற்று ஓடி வந்தால் வெற்றி.

பந்தோடு நின்றவளைப் பார்த்தேன். அவள் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பண்டாரவளை, கங்காணி, கூடை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஏன்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லித் தொலைத்தேனோ என்றிருந்தது. முதல் பந்து என் காலுக்கு முன்னால் குத்தி உருண்டது. இரண்டாவது தலைக்கு மேலே போனது. கூட்டம் சிரித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதிரி மாதிரி போடுடி" என்று கத்தினேன். மைதானத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது பந்து நேராக என் காதுக்கு வந்தது. வேறு எவளாக இருந்தாலும் குனிந்திருப்பாள். எனக்கு அது பின்சுவரில் பழகின பந்து. ஒரு கால் விலகி, சுழற்றிவிட்டேன். கம்பில் பட்ட அதிர்வு தோள்பட்டை வரை ஏறியது. பந்து கயிற்றைத் தாண்டி, பார்த்துக்கொண்டிருந்த ஆட்களைத் தாண்டி, அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தது. ஓடினேன். எங்கேயும் நிற்கவில்லை. கடைசிக் கோட்டுக்குக் கிட்டே வரும்போது பந்து என் காதோரம் விர்ரென்று போனது. படவில்லை.

அவள் என்மேல் வந்து விழுந்து, "பண்டாரவள, பண்டாரவள" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். டீச்சரும் அழுதார். "திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி லயம் வரை ஒரே ஓட்டம். வாசலில் அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்.

"ஜெயிச்சிட்டோம்பா."

கத்தி நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் சுவரோரம் இருந்த புதுக் கூடையைப் பார்த்தேன். தலைக்கயிறுகூடக் கட்டியாகிவிட்டது.

"காலையில போய் ஒம் பேரக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா.

"ஜெயிச்சா அனுப்புறேன்னு சொன்னீங்களே."

"நீ ஜெயிப்பேன்னு நான் நெனைக்கலியே தாயி."

அவர் சாக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அதிர்ச்சி. நான் காலைப் பிடித்தேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்ப் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அம்மா பேரை வெட்டியாகிவிட்டது, என் பேரையும் எடுத்தால் நாலு பேரும் ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்றார். டீச்சர் வருவார், டீச்சரிடம் சொல்வேன் என்றேன்.

"வரட்டும். தேத்தண்ணி குடுப்போம்" என்றாள் அம்மா. அவள் நக்கலாகச் சொல்லவில்லை. வருகிறவருக்குக் கொடுக்க எங்களிடம் அதுதான் இருந்தது. அம்மா மறுபடியும் இருமத் தொடங்கினாள். அதற்குமேல் என்னால் கெஞ்ச முடியவில்லை. மண் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். "பந்து எம்புட்டுத் தூரம் போச்சு?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியக் காலமே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கூடையோடு நின்றேன். வரிசையில் முன்னும் பின்னும் அம்மாவோடு வேலை செய்த பொம்பளைகள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் பேர் வந்ததும் அப்பா ஆம்பளைகள் வரிசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நம்ம மவதாங்க. பதுளையில சப்பாத்து போட்ட பிள்ளைகளயெல்லாம் சனிக்கெழம ஜெயிச்சிட்டு வந்திருக்கா."

அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கங்காணி என் கன்றிப்போன கைகளைப் பார்த்தார்.

"அப்ப கை நல்லா ஓடும். மேட்டுத் தேயில நெரையப் புடி" என்றார்.