மூன்று நாளுக்குள் போட வேண்டிய ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில், நாகலாபுரத்தில் நான் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்த நேரம். ஏழாம் மாதம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா சொன்னார்: "உன் ரத்தம் நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். குழந்தையோட ரத்தம் உன்னோடதுல கலந்தா, உன் உடம்புல இருக்கிற காவல் அணுக்கள் அதை எதிரின்னு நினைச்சுக்கும். அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. பிரசவமான மூணு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டுக்கணும்."

வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. பிள்ளையைக் கொல்கிற ரத்தம் என்று பேர் வந்துவிடுமோ என்று பயம். ஆஸ்பத்திரியில்தானே பிரசவம், அவர்களே போட்டுவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் வலி முன்னதாகவே வந்து, வீட்டிலேயே மகன் பிறந்தான். தீட்டு என்று பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பதினோரு நாள் படி தாண்டக் கூடாது. சொன்னால் எனக்குப் பழி, சொல்லாவிட்டால் அடுத்துப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆபத்து. இரண்டு நாள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை, கஞ்சி கொண்டுவந்த மாமியாரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத்தினி நாளா மனசுலயே வெச்சிக்கினு இருந்தியா? தீட்டாவது ஒண்ணாவது, எய்ந்திரு!" என்று குழந்தையை அவரே தூக்கிக்கொண்டார்.

என் கணவர் முன்னால் ஓடிப்போய்த் திருப்பதி பஸ்ஸை நிறுத்தி வைத்தார். மதியம் ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். அடுத்து மகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தாள்.

இப்போது எங்கள் தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும் ரத்தம் என்ன வகை என்று கேட்கிறேன். அவளுடைய மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.