நான் அடித்துவிட்ட மல்லாட்டை

நஸ்ரீன் தேர்வாகிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

திண்டிவனம் கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி அவள். சொந்த ஊர் கோட்டக்குப்பம், ஆனால் வளர்ந்ததெல்லாம் துபாயில். எங்களுக்குப் பெருமுக்கல் பக்கம் நிலம் உண்டு. இளங்கவிஞர்களுக்கான உதவித்தொகைக்கு இருவருமே விண்ணப்பித்தோம். அம்மா ஈர மண்ணோடு மல்லாட்டை பிடுங்குவதைத்தான் நான் எழுதியிருந்தேன். அனுப்பும் நேரத்தில் கூச்சம் வந்துவிட்டது. சென்னையில் அதைப் படிக்கும் நடுவர்கள் சிரிப்பார்களோ என்று பயந்து, அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'நிலக்கடலை' என்று மாற்றினேன்.

முடிவு வந்த அன்று கேன்டீனில் அவளைப் பிடித்தேன்.

"எந்தக் கவிதைடி அனுப்புன?"

போனை நீட்டினாள். தலைப்பே 'மல்லாட்டை'. தோழி கொடுத்ததைத் தின்றபடி, பார்த்தே இராத ஒரு வயலைக் கற்பனை செய்கிறாள் ஒருத்தி.

"மல்லாட்டைக் கொல்லையில காலே வெச்சதில்ல நீ. உனக்கு எதுக்குடி இந்த வார்த்தை?" என்றேன்.

"நீதான தெனம் அவிச்சி எடுத்துக்கினு வருவ. 'இந்தா, மல்லாட்டை துன்னு'ன்னு குடுப்ப. எங்க வீட்ல வெறும் கடலைதான்டி. நீ சொல்றப்ப எனக்கு அவ்ளோ ஆசையா இருக்கும்."

வாழ்த்துச் சொன்னேன். வாயெல்லாம் கசந்தது.

அவள் என்னிடமிருந்து எதையும் திருடவில்லை. நான் வெட்கப்பட்டதற்கு அவள் ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.