சம்சாரம் குறைந்தால்

மற்ற வீடுகளில் புருஷன் வேலை முடிந்து வரும்போது பூவோ பலகாரமோ வாங்கி வருவான். என் வீட்டுக்காரர் பெரிய மனிதர்கள் சொன்ன வாசகம் ஒன்றைக் கொண்டு வருவார். காசு செலவில்லாத பண்டம்.

கல்யாணமாகி உத்தமபாளையத்திலிருந்து நான் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது, அணா போய் நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிது. கடைத்தெருவில் யாரும் யாரையும் நம்பாத நேரம். மீன்காரி தந்த சில்லறையை நான் புரட்டிப் பார்ப்பேன், நான் தந்ததை அவள் புரட்டிப் பார்ப்பாள். எனக்கோ சந்தேகம் பிறவிக் குணம். அந்த ஊர் அதற்கு நன்றாகத் தீனி போட்டது.

வீட்டுக்காரருக்குச் சுக்குக் கிடங்கில் வேலை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். மத்தியானம் சாயாக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பாராம். கடைசிப் பக்கத்து மூலையில் தினம் ஒரு மகான் ஏதாவது சொல்லியிருப்பாராம். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, நான் சோறு போடும்போது எடுத்து விடுவார். சட்டையில் சுக்கு நெடி அடிக்கும், வாயில் கிரேக்க ஞானி பேசுவார்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் ஒன்று உறுத்தியது. அத்தனை மகான்களும் என் வீட்டுக்காரர் கட்சியாகவே இருந்தார்கள். குழம்பில் உப்புக் கூடினால், அன்றைக்கென்று பிரான்ஸ் தேசத்து ராஜா ஒருவர் உப்பைப் பற்றிப் பேசியிருப்பார். பெருநாளுக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்டால், மழைக்காலப் பயணம் ஆகாது என்று ஒரு ருஷ்யத் தளபதி குறுக்கே வந்து நிற்பார். ஒருநாள் ரோமாபுரி ராஜா, அந்த ஊரில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கைப் புகழ்ந்தார்.

"ரோமாபுரியில ஏது மச்சான் கப்பை?" என்று கேட்டேன்.

"அங்கயும் உண்டாவும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இவை எல்லாம் பத்திரிகையில் வந்தவையா, வருகிற வழியில் இவரே கட்டியவையா என்று அன்றிலிருந்து ஒரு கண் வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த வாசகம் வந்தது. நல்ல மழை. மீன்காரி என் தலையில் ஒரு செல்லாத காசைக் கட்டப் பார்த்ததையும், நான் அவளைத் தெருமுனை வரை துரத்திப் போனதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கதைகூட ஆகவில்லை. அவர் கையை உயர்த்தி, சாயாக்கடையில் கேட்டபடியே ஒப்பித்தார்:

"சம்சாரம் குறஞ்ஞா சமாதானம் கூடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. வீட்டில் இருப்பது ஒரே ஒரு சம்சாரம். ஒன்றில் எதைக் குறைப்பது?

யாரிடம் போய்க் கேட்பது? அத்தா, அம்மா மலைக்கு அந்தப் பக்கம். திருப்பி அனுப்பிவிட்டால் ஊரில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயத்தில் வாயடைத்துப் போனேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் வேலை செய்தது. சட்டைப் பையைத் தடவினேன். தலையைப் படிய வாரினால் யாருக்காக என்று பார்த்தேன். வேலை முடிந்து தாமதமாக வந்தால், வந்த திசையைக் கவனித்தேன்.

அவர் தினமும் மகான்களைக் கொண்டு வந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. நாலைந்து நாளில் அவருக்கே சுவாரசியம் போய்விட்டது. பிறகு ஒரு சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு ஊருக்குப் போணுமா?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் ஒரு புதுச்சேலை வாங்கி வந்தார். அது வழியனுப்புகிற சேலை என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்கு அடுத்த நாள், எறணாகுளத்திலிருந்து குமுளிக்குப் பஸ் எப்போது என்று விசாரித்து வந்தார். மழைக்காலப் பயணம் ஆகாது என்ற ருஷ்யத் தளபதியை ஆளையே காணோம்.

புறப்படுகிற காலையில் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன். படகுத்துறைக்குக் கொண்டு போக அவர் அதைத் தூக்கினார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நான் ஒருத்தி இருக்கிறது அத்தனை பாரமாப் போச்சா மச்சான்? வேற எவ இருக்கா?"

"எவளா?"

"சம்சாரம் குறைஞ்சா சமாதானம்னு சொன்னது நீங்கதானே?"

"அதுக்காக நீ சம்சாரத்தை அடியோட நிறுத்திட்டியே! சம்சாரம் இல்லாத வீடு ஒரு வீடா?"

"இல்லாமயா? குத்துக்கல்லாட்டம் இங்கதானே நிக்கிறேன்!"

"நீ நிக்கிறே. சம்சாரம் எவிடே?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தோம். பிறகு அவர் பெட்டியைக் கீழே வைத்தார். ஐந்து விரலையும் குவித்து வாய்க்கு முன்னால் வைத்துத் திறந்து திறந்து மூடினார்.

"சம்சாரம்... பேச்சு! இது!"

அண்டை வீட்டில் எல்லாரும் பேசுவதைப் 'பறையுக' என்பார்கள். இந்த மலையாளப் பத்திரிகைச் சொல் அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப, என் வாயை மூடச் சொன்னது எந்த மகான்?"

"அன்னைக்குப் பேரு சரியாக் கேக்கலை" என்று இழுத்தார்.

அந்த மகான் சாயாக்கடையிலிருந்து வந்தவரா, எங்கள் அடுப்படியிலேயே பிறந்தவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சந்தேகம் சந்தேகமாகவே இருக்கிறது.

அவர் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்குப் போணும்னா போயிட்டு வா. ஆனா நீ மிண்டாம, பேசாம இருந்தா எனக்குச் சோறு எறங்கலை."

"இது யார் சொன்னது?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"யாரு சொல்ல? ஞான்தான்."

துறையில் படகு போய்விட்டது. நான் உட்கார்ந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்துக்கொண்டே மீன்காரி கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன்.