ஷைனியின் கால்கள்

ஜெபகுமார் குடிக்கமாட்டான். ஹெலினாவுக்கு அதுவே பெரிய கேடாகப் போயிற்று. குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் நாலு பேர் வந்து விலக்கிவிடுவார்கள். இவனோ ராணுவ டிப்போவில் ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நிற்கிறவன். கதவைச் சாத்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல் அடிப்பான். முகத்தில் மட்டும் அடிக்கமாட்டான்.

ஹெலினா 1995இல் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து கல்யாணமாகி டிப்போ குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டு நீலாதாயிதான் ஒரே துணை. அவள் மராத்திக்காரி. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்துக்கு பாஷை தேவையில்லை என்பதால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் ஹெலினாவாக வாய் திறக்கும்வரை அவள் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளையுண்டாகி எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் ஹெலினா அவன் சட்டைக் காலரை இஸ்திரிப் பெட்டியில் கருக்கிவிட்டாள்.

“ஏட்டி, கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?” என்று மெதுவாகத்தான் கேட்டான். அடுத்த நொடி காலால் உதைத்தான். அவள் வயிற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது உதை முதுகில் விழுந்தது. தண்ணீர் டிரம்மின் விளிம்பில் வயிறு போய் மோதியது. அவன் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

ரத்தமும் நீருமாகத் தொடைவழியே இறங்கியதும் ஹெலினா சுவரைத் தட்டினாள். நீலாதாயி ஓடிவந்து, ஸ்டேஷன் பக்கம் போன ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களைத் திட்டி இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்தாள். ஆஸ்பத்திரிவரை பிள்ளை பொறுக்கவில்லை. பம்பாய் ரோட்டின் குழிகளில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ஹெலினா நீலாதாயியின் தோளைக் கடித்துக்கொண்டே முக்கினாள். கடித்த இடத்தில் தோல் கிழிந்தது. லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் பிள்ளை வந்து விழுந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. நீலாதாயி விரல்விட்டு வாயை வழித்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலில் அறைந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூக்கின்மேல் பையை வைத்து அமுக்கி அமுக்கிக் காற்றடித்த பிறகுதான் ஒரு முனகல் வந்தது.

“வழுக்கி விழுந்துட்டா” என்று ஜெபகுமார் டாக்டரிடம் சொன்னான். ஹெலினா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஷைனி என்று பேர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் சூடு காட்டி வைத்திருந்து, ஒருவழியாக வீட்டுக்குக் கொடுத்தார்கள். குறைமாதப் பிள்ளை, எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். ஹெலினாவும் பொறுத்துப் பார்த்தாள். அதே குவார்ட்டர்ஸ் வரிசையில் அந்தச் சமயம் பிறந்த பிள்ளைகள் குப்புற விழுந்து தவழ ஆரம்பித்தபோதும் ஷைனிக்குத் தலை நிற்கவில்லை. உள்ளங்கைகள் மூடியே இருந்தன. தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொள்ளும். ஆனால் அம்மா குரல் கேட்டால் கண் தேடும். நீலாதாயி தும்மினால் சிரிக்கும். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் மரக்கட்டை ஆகிவிடும்.

லோக்கல் ரயிலேறி புனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பிசியோதெரபி அறையில் இருந்த பானு தமிழ்ப் பெண்.

“பிறக்கும்போது மூச்சு சரியா கிடைக்கலம்மா. காலை அசைக்கச் சொல்ற மூளைப் பகுதிக்குச் சேதம் ஆயிருக்கு” என்றாள். “ஆனா புத்தி தெளிவா இருக்கு. பாருங்க, நான் கிலுகிலுப்பைய ஒளிச்சு வெச்ச இடத்தையே பாத்துட்டிருக்கா.”

“நடப்பாளா?”

“நடக்க வைக்கணும். தினமும் வலிக்க வலிக்க நீங்க கால நீட்டி மடக்கணும். அழுவா. நிறுத்தக்கூடாது. ஆனா அவசரப்பட்டு நிக்க வெச்சிடாதீங்க. உக்காரவே இன்னும் பலம் வரல.”

தினமும் காலையிலும் மாலையிலும் ஷைனி கதறினாள். ஹெலினாவும் அழுதுகொண்டேதான் செய்தாள். அந்த அழுகை ஜெபகுமாருக்குப் பொறுக்கவில்லை. அது ஒரு நோய் என்று அவன் ஒத்துக்கொள்ளவும் இல்லை. “இது பிடிவாதம். ரெண்டு போட்டா நிக்கும்” என்பான்.

ஒரு வயது தாண்டியதும் ஷைனி பேசினாள். நீலாதாயி வீட்டில் பிடித்த மராத்திச் சொல். அப்பா தூக்க வந்தபோது முகத்தைத் திருப்பி, “நகோ” என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். ஹெலினாவுக்குப் பானு சொன்னது நிஜம் என்று அன்றுதான் நெஞ்சுக்குள் இறங்கியது. ஜெபகுமாருக்கு வேறு மாதிரி இறங்கியது. பிள்ளையின் வாயிலேயே அறைந்தான்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்த பிறகு, ஹெலினா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது பிள்ளை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய புடவையைக் கிழித்து அக்குளுக்கடியில் கட்டி நிற்கவைத்திருந்தான். விறைத்த கால்களின் நுனி மட்டும் தரையைத் தொட்டது. துணி கழுத்துக்கு ஏறியிருந்தது. முகம் கருத்திருந்தது. அவன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் பெல்ட்டோடு, “நில்லு. நில்லு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தொடையில் பட்டை பட்டையாகத் தடிப்பு.

ஹெலினா முதலில் முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை இறக்கி, மூச்சு வருகிறதா என்று பார்த்துத் தரையில் கிடத்தினாள். அடுப்படியில் கிடந்த சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்து அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. எழுந்தவனின் முழங்காலில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். நீலாதாயி வந்து கட்டையைப் பிடுங்கியிராவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும்.

நீலாதாயியின் தம்பி புனேயில் விஷ்ராந்த்வாடியில் இருந்தான். அவன் வீட்டு மாடியில் ஒரு அறை கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாலவாடியில் ஹெலினா ஆயாவாகச் சேர்ந்து, ஷைனியையும் அங்கேயே வைத்துக்கொண்டாள். சர்ச் மூப்பர் மகாதேவன் ஒருநாள் சமாதானம் பேச வந்தார். அவரும் நாசரேத்துக்காரர். பேருக்கு முன்னால் இருந்த கிறிஸ்தவப் பேர் மறந்துபோய் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“கோவத்துல ஏதோ செஞ்சுட்டான். நீயும் அவன் கைய ஒடிச்சுட்ட. சரிக்குச் சரி ஆச்சு, வாம்மா.”

ஹெலினா பிள்ளையின் கவுனைத் தூக்கித் தொடையைக் காட்டினாள். “இதுக்குச் சரியா எத ஒடிக்கணும், சொல்லுங்க.”

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஷைனி மூன்று வயதில் சாயாமல் உட்கார்ந்தாள். ஐந்தில், காலைத் தாங்கும் இரும்புப் பட்டை மாட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாலவாடியின் குறுக்கே நடந்தாள். அதற்குள் மூன்று பாஷை பேசினாள், சண்டை பிடித்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். கோர்ட்டில் விவாகரத்தும் ஆயிற்று.

2004இல் நீலாதாயி போன் செய்தாள். ஜெபகுமார் மறுபடி கல்யாணம் செய்திருந்தான். “சுவருக்கு அந்தப் பக்கம் அதே சத்தம், ஹெலினா. அவளுக்கு மாசம் வேற.”

மறுநாள் பகலில், அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஹெலினா தேஹு ரோடு போனாள். கதவைத் திறந்தவள் ஸ்டெல்லா, இருபது இருபத்தோரு வயசுப் பெண். ஹெலினா தான் யார் என்று சொன்னதும் வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

“அவரு நல்லவருதான் அக்கா. நான்தான் சரியா…”

“வயித்துல மிதிச்சானா?”

ஸ்டெல்லா முந்தானையை வயிற்றின்மேல் இழுத்து மூடிக்கொண்டாள்.

“பிள்ளைக்குக் கை கால் எல்லாம் இப்ப உள்ளதான் உருவாகுது. இன்னைக்கே என்கூட வந்துரு. நாளைக்குன்னு சொன்னா என் மவள வந்து பாத்துட்டுச் சொல்லு.”

பை கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெபகுமார் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். கதவைச் சாத்தினான். ஹெலினாவின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து முகத்தை நிலைப்படியில் மோதினான். முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். இரண்டாவது முறை மோதும்போது ஸ்டெல்லா அவனைத் தாண்டிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். கதவை அகலத் தள்ளி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் வந்து பாருங்க!” என்று வீறிட்டாள்.

வரிசை முழுக்க வாசலுக்கு வந்தது. பாட்டுக் குழுவின் முன்வரிசைக்காரன் ஒரு பெண்ணின் முடியைப் பிடித்தபடி நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். கையை விட அவனுக்குத் தோன்றவேயில்லை. நீலாதாயியும் இன்னும் சிலரும் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தார்கள். சாயங்காலம் போலீஸ் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் ஹெலினா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

ஸ்டெல்லாவுக்கு மாதம் நிறைந்து ஆண்பிள்ளை பிறந்தது. வெளியே வந்ததும் வார்டே அதிர அழுதான். விஷ்ராந்த்வாடி மாடியறையில் நாலு பேரானார்கள். ஹெலினா அவன் கைவிரலை விரித்துப் பார்ப்பாள், தலை நிற்கிறதா என்று தூக்கிப் பார்ப்பாள், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பாள். அவன் முதல்முறையாகக் குப்புற விழுந்தபோது, பட்டைகளைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த ஷைனிதான் முதலில் கண்டு கத்தினாள்.

ஸ்டெல்லாவின் முகம் மட்டும் தெளியவில்லை. “அக்கா, இவனுக்கும் அவரு குணம் வந்துருமோ?”

“வந்தா அப்ப பாத்துக்கிடுவோம்” என்றாள் ஹெலினா. “இப்பப் பசிக்கு அழுவுறான். பாலக் குடு.”