பைப்பைப் பூட்டச் சொன்னேன்

பெப்ரவரி 8, சனிக்கிழமை. வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்தேன். தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், சாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன், துவைத்த உடுப்புகளைக் கொடியில் காயப் போட்டேன். வார நாட்களில் மங்கரேயில் விமானச் சரக்குகளின் எடையைச் சரிபார்ப்பது என் வேலை. சில மாதங்களாகச் சனிக்கிழமைகள் எங்கள் கிளென் ஈடன் வீட்டு முற்றத்தில் நிற்கும் கரவனுக்கே போய்விடுகின்றன. காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறு வீடு அது. வயதில் எனக்கு மூத்தது.

மனைவிக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு வருடங்களாகின்றன. அன்றிலிருந்து அவளுடைய வயிற்றின் மேல் கழிவு சேரும் பை ஒன்று இருக்கிறது. அதை மாற்றிச் சுத்தம் செய்ய, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் வேண்டும். அதனால் அவள் வேறெங்கும் இரவு தங்குவதில்லை. யார் கூப்பிட்டாலும் "பிறகு பாப்பம்" என்பாள். கடல் இரைச்சலைக் கேட்டபடி நித்திரை கொள்ள ஆசைப்பட்ட மனுஷி. அவளுக்காகத்தான் கரவனை வாங்கினேன். அதன் குழாயில் ஒரு சொட்டும் வராது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அதில் மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை. இருக்கையின் கீழே ஒரு தண்ணீர்த் தாங்கி, தரையில் காலால் மிதிக்கும் பம்ப், சிங்கின் மேல் ஒரு குழாய், அவ்வளவுதான். பம்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரண்டு ரப்பர் மடல்கள். ஒன்று தண்ணீரை உள்ளே விடும், மற்றது மேலே விடும். இரண்டுமே திரும்பிப் போக விடா. நெஞ்சுக்குள் இரத்தம் போவதும் இப்படித்தான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த மடல்கள் மிருதுவாக இருந்தன. மக்கிப் போயிருந்தது தாங்கியையும் பம்பையும் குழாயையும் இணைக்கும் ஹோஸ் மட்டும்தான். உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற புது ஹோஸ் வாங்கி மாட்டினேன்.

பக்கத்து வீட்டு மதுரைத் தம்பி உதவிக்கு வந்தார். கணினி வேலை செய்பவர். அவர் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருக்க, நான் தரையில் படுத்து, சிங்கின் கீழ் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பம்பைக் கையால் அமுக்கினேன். புஸ், புஸ் என்று காற்று மட்டும் வந்தது.

"அண்ணே, ஆஸ்துமா வந்த மாதிரி இழுக்குது."

மனைவி வாசற்படியில் நின்றாள். "இஞ்சாருங்கோ, வராட்டி விடுங்கோ. நான் இப்ப எங்க போகப்போறன்?"

அப்படிச் சொல்லிவிட்டு அவள் உள்ளேயும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

குழாயை மூடிவிட்டு அமுக்கினால் காற்று எங்கே கசிகிறது என்று காதுக்குத் தெரியும் என நினைத்தேன். "தம்பி, அந்தப் பைப்பைப் பூட்டும்."

"சரிண்ணே."

திருப்புளி திருகும் சத்தம் கேட்டது. குழாயை மூட எதற்குத் திருப்புளி? கேட்க வாய் திறப்பதற்குள், "நல்லா இறுக்கிட்டேண்ணே, அமுக்குங்க" என்றார்.

அமுக்கினேன். பம்ப் கனத்தது. என் முகத்துக்கு நேரே ஹோஸுக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மறுபடி அமுக்கினேன். ஒரு சாண் ஏறி நின்றது. கையை எடுத்தாலும் இறங்கவில்லை. மின்சாரம் இல்லாமல், ஒரு கையின் பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீர் மேல்நோக்கிப் போவதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மீண்டும் அமுக்கினேன். வளைவைத் தாண்டியது. தலைக்கு மேலே சிங்கில் சளசளவென்று விழுந்தது.

மூடிய குழாயில் எப்படித் தண்ணீர்?

"பைப்பைப் பூட்டச் சொன்னனே!"

"பூட்டிட்டேனே!" என்று தாங்கியின் வாயில் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பைக் காட்டினார்.

மனைவி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். உள்ளே வந்து குழாயைத் தொட்டுக் காட்டினாள். "ஐயோ தம்பி, எங்களுக்குப் பைப் எண்டால் இது. பூட்டுறது எண்டால் மூடுறது."

"டேப்பை மூடுன்னு சொல்லியிருக்கலாம்ல? பைப்புக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களாக்கா? அதான் கிளிப்பை இறுக்கச் சொல்றாருன்னு நெனச்சேன்."

தளர்ந்திருந்த அந்தக் கிளிப்பின் வழியாகத்தான் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நான் கேட்டபடி அவர் குழாயை மூடியிருந்தால், ஹோஸுக்குள் இருந்த காற்றும் வெளியேறியிருக்காது. என் பேச்சு அவருக்கு விளங்கியிருந்தால் தண்ணீர் வந்திருக்காது என்பதை இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

"ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ" என்றாள் மனைவி. கதவைச் சாத்தினாள், திரையை இழுத்துவிட்டாள்.

வெயிலில் நின்றோம். உள்ளே பம்பை மிதிக்கும் சத்தம் கேட்டது. கரவனின் அடியில் வைத்திருந்த வாளியில் கழுவிய தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. அது நிற்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த மிதிக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வந்தது.

கதவு திறந்தது. "காணும்" என்றாள்.

"என்னக்கா காணோம்?" தம்பி பதறிப்போய்ப் புல்லில் தேடத் தொடங்கினார்.

"போதும் எண்டு சொல்லுறன், தம்பி. எனக்கு இது போதும்."

மறுநாள் காலை, தேநீர் போடுவதற்கும் முன்னால், அவள் வடக்கே கடற்கரையில் கரவன்கள் நிறுத்தும் ஓர் இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, கடலுக்கு ஆகக் கிட்டத்தில் இரண்டு இரவுக்கு இடம் கேட்டாள்.