ஒரு கல்லில் இரண்டு அப்பிள்கார்த்

கடந்த செவ்வாய்க்கிழமை வேலைக்குப் புறப்படச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, தேவாலயத்திலிருந்து மேரி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அப்பிள் அண்ணை மோசம் போயிட்டார். நீர்தானே அவருக்குப் பேப்பரெல்லாம் நிரப்பிறனீர், கெதியா வாரும்" என்றார். அண்ணை இறந்த செய்தி கேட்டு ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் நிரப்பிய ஒரு பேப்பர்தான் அந்த மனிதரைக் கடைசிவரை வதைத்தது என்று அக்காவுக்குத் தெரியாது.

ஜெர்மனியில் எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழர் பலருக்கு அவரைத் தெரியும். முழுப்பெயர் ஜெபரத்தினம் அப்பிள்கார்த். நானும் அவரும் ஒரே பேக்கரியில் மாப் பிசைந்தவர்கள். "அண்ணை, இந்த வருசம் அப்பிள் காய்ப்பு எப்பிடி?" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் கோபிக்கமாட்டார். "அது வெள்ளைக்காரன்ரை பேர் இல்லையடாப்பா, என்ரை பூட்டன்ரை பேர்" என்பார்.

கதை இதுதான். யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கடல் கடந்து யாராவது உதவுவார்கள். உதவியவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைப்பது அக்கால வழக்கம். இங்கிலாந்திலேயே அரிதான அந்தப் பெயர் அப்படித்தான் பூட்டனாருக்கு வந்து, பரம்பரைப் பெயராகத் தொடர்ந்தது. அப்பிள் மரங்களைச் சுற்றி அடைத்த வளவு என்பது அதன் பொருளாம். வடக்கு இங்கிலாந்தில் அப்படியொரு வளவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை ஊரார் அவ்வாறு அழைக்கப்போய், அதுவே குடும்பப் பெயராக நிலைத்ததாம்.

அகதியாக வந்த அண்ணையை அந்தப் பெயருக்காகவே அதிகாரிகள் மணிக்கணக்காகக் குடைந்தார்கள். பிறகு அவருடைய தம்பி தவராஜா வந்தார். நாலு ஜெர்மன் சொல் தெரிந்த மிதப்பில் அவருடைய அன்ட்ராக்கை, அதாவது அகதி விண்ணப்பத்தை, நான் நிரப்பினேன். "இந்த இங்கிலிஷ் பேரை எழுதினா உம்மைத் தமிழன் எண்டு நம்பமாட்டாங்கள். அப்பான்ரை பேரை எழுதுவம், எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே எழுதிறவை" என்றேன். அவர் தவராஜா சாமுவேல் ஆனார்.

அண்ணை பக்கத்தில் நின்று பார்த்தார். "நாளைக்கு இவன் என்ரை சகோதரம் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பிறகு மாத்தலாம் அண்ணை" என்றேன். மாற்றவேயில்லை.

தவராஜா வேறொரு நகரில் தனியே இருந்தார். அண்ணை முழங்கால் சத்திரசிகிச்சைக்காக மூன்று வாரம் படுத்திருந்த நேரத்தில், அவர் தன் அறையில் மாரடைப்பால் இறந்துபோனார். அந்த நகரத்து அலுவலகம் சாமுவேல் என்ற பெயரில் உறவினரைத் தேடிவிட்டு, ஒருவரும் இல்லையென்று உடலை எரித்து, பெயரில்லாதவர்களின் புல்வெளியில் சாம்பலைப் புதைத்துவிட்டது. ஊன்றுகோலோடு மீன்குழம்பும் கொண்டு போன அண்ணை, தம்பி வீட்டு அழைப்புமணியில் வேறு யாருடைய பெயரையோ பார்த்தார்.

நானும் அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். "நான் அவன்ரை தமையன் எண்டு சொல்லும் தம்பி" என்றார். சொன்னேன். பெயர் வேறாக இருக்கிறதே, நாக்வைஸ் கொண்டுவாருங்கள் என்றார்கள். அத்தாட்சிக்கு எங்கே போவது? ஞானஸ்நானப் பதிவேடு தேவாலயத்தோடு சேர்ந்து போரில் எரிந்துபோயிற்று. அந்தப் புல்வெளியில் சாம்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக்கூட அவருக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் பெயரின் வேரைத் தோண்டத் தொடங்கினார். அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கடிதம் மேல் கடிதம். கடைசியில் ஒரு முதிய பாதிரியார் பதில் எழுதினார். பூட்டனாருக்கு உதவியவர் ஒரு விதவைத் தாய். ஆற்றில் மூழ்கி இறந்த தன் ஒரே மகனின் பெயரைத்தான் அவர் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை.

"பாரும் தம்பி, அந்த மனிசி செத்த பிள்ளையின்ரை பேரை எங்களிட்டைத் தந்து உயிரோடை வைச்சிருக்கிறா. நாங்கள் அதை ஒரு பேப்பரிலை துலைச்சுப்போட்டம்" என்றார். 'நீர்' என்று சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அந்தக் கடிதத்தை அத்தாட்சியாக அனுப்பினோம். அது பூட்டனாரைப் பற்றியதே தவிரத் தம்பியைப் பற்றியதல்ல என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. மாதம் ஒருமுறை அண்ணை அந்தப் புல்வெளியின் ஓரத்தில் போய் நின்றுவிட்டு வருவார். எந்த இடம் என்று தெரியாததால் மிதிக்கப் பயந்து உள்ளே போகமாட்டார். மணமுடிக்கவில்லை, பிள்ளைகளும் இல்லை. சென்ற மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை கல்லிலை அவன்ரை பேரையும் போடும். ஆள்தான் கிடைக்கேல்லை, பேரெண்டாலும் என்னோடை கிடக்கட்டும்" என்றார்.

நேற்றுக் கல்லறை அலுவலகத்தில் படிவத்தை நிரப்பினேன். அங்கிருந்த பெண் அதை வாசித்துவிட்டு, "இரண்டாமவரும் இங்கேயா அடக்கம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்ன உறவு?" என்றார். சகோதரர் என்றேன். அவர் நாக்வைஸ் எதுவும் கேட்கவில்லை. குறித்துக்கொண்டு முத்திரையைக் குத்திவிட்டார்.

அண்ணை, தவராஜா அப்பிள்கார்த் என்று இந்தமுறை சரியாக எழுதியிருக்கிறேன். மன்னியுங்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்து ஒருநாளும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். போய்வாருங்கள். நீங்கள் தேடிய தம்பி உங்கள் பெயருக்குக் கீழே இருக்கிறார், கல்லில் மட்டும்தான்.