பருப்பு வேகாத நாள்

மலைமேல் ஆலத்தூர் நாட்டுச் செங்கோடன் கடலைப் பார்த்ததே கடற்படையில் சேர்ந்த பிறகுதான். 1943இல் மிளகு மூட்டையோடு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியவன், சேலத்தில் ஆளெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்படியே லாரி ஏறிவிட்டான். நீந்தத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றான். சமைக்கத் தெரியுமா என்றார்கள். அதற்கும் தெரியும் என்றான். இரண்டும் பொய். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரனுக்குச் சண்டை அவசரம்.

முதல் பயணத்தில் மூன்று நாள் வாந்தி. செங்குத்துப் பாறையில் தொங்கித் தேன் எடுத்தவனுக்கு, படுத்த இடமே ஆடுவது பெரிய அவமானமாக இருந்தது.

பிறகு கப்பலும் பழகியது, கரண்டியும் பழகியது. பருப்புதான் பழகவில்லை. மூன்று தடவை அரித்தாலும் கல் மிஞ்சியது. அதிகாரிகளின் சமையலறை தனி; அங்கே ரொட்டியும் கறியும். மாலுமிகளோ பல்லில் கல் கடிபடும்போதெல்லாம் சர்க்காரை விட்டுவிட்டுச் செங்கோடனின் பரம்பரையைத் திட்டினார்கள்.

1946 பிப்ரவரியில் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றது. சர்க்கார் போடும் சோறு சரியில்லை என்று கரையில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது. கரியள்ளிப் போடும் நாமக்கல் செல்லமுத்து அடுப்படிக்கு வந்து நின்றான்.

"இன்னைக்கு யாரும் சாப்பிடறதில்லீங்க. ஒலை வெக்காதீங்க."

செங்கோடனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் வெக்கிற பருப்பு அத்தன மோசமாங்க?"

"மோசந்தானுங்க. ஆனா சண்டை உங்க மேல இல்லீங்க."

செங்கோடனுக்கு மூன்று வருடம் வாங்கிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டு மேல்தளத்துக்குப் போனான். அங்கே பிரிட்டிஷ் கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் கயிற்றில் கை வைத்தான். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஏறின. தன் சமையலைச் சாப்பிடாமல் இருப்பது மற்றவர்களைவிட அவனுக்குச் சுலபமாகவே இருந்தது.

சில நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. விசாரணையில், தூண்டிவிட்டது யார் என்று கேட்டார்கள். பருப்பு என்றான். மொழிபெயர்த்தவன் சிரிக்க, அதிகாரி சிரிக்கவில்லை. வேலை போயிற்று.

காரவள்ளியிலிருந்து நடந்தே மலையேறி வீடு சேர்ந்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவன் மனைவி ராமாயி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, ராசா கொடியவா எறக்குனீங்க?"

"ஆமா."

அவள் பயந்துபோவாள் என்று நினைத்தான். அவளோ, அதை ஊராரிடம் சொல்லும்போது பருப்புக் கதையை விட்டுவிடச் சொன்னாள். அவன் விடவில்லை.